பின்னணி மங்க எஃப் எண் மட்டும் போதாது

புதிதாக 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கியவர்களின் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். லென்ஸின் துளையான அப்பர்ச்சரை 1.8-இல் வைத்தால் வைத்ததுதான். பிறகு அதைத் தொடுவதே இல்லை. ஒரு படத்தில் பின்னணி அழகாகக் கரைந்திருக்கும். இன்னொன்றில் பின்னால் இருக்கும் சுவரின் விரிசல்கூடத் தெரியும். மூன்றாவதில் மூக்கு நுனி ஷார்ப்பாகவும் கண் மங்கலாகவும் இருக்கும். லென்ஸும் அதே, எண்ணும் அதே. மாறியது தூரங்கள்.

படத்தில் எவ்வளவு ஆழம் தெளிவாக இருக்கும், அதாவது டெப்த் ஆஃப் ஃபீல்டு (சுருக்கமாக டெப்த்) எவ்வளவு, பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை நான்கு விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன: கேமராவுக்கும் சப்ஜெக்ட்டுக்கும் (நாம் எடுக்கும் ஆள் அல்லது பொருள்) உள்ள தூரம், சப்ஜெக்ட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரம், லென்ஸின் ஃபோகல் லெங்த் (50 மி.மீ., 18 மி.மீ. என்று சொல்வது), எஃப் எண். பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் கடைசியில் உள்ளதில்தான் தொடங்குகிறார்கள். தொடக்க நிலையில் இருப்பவர் இதே வரிசையில், தூரங்களை முதலில் வைத்து யோசிக்கப் பழகினால் பாதிக் குழப்பம் வராது என்பது என் உறுதியான கருத்து.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவுக்கானவை. படம் பதியும் சென்சார் இவற்றில், 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது. தொடங்குபவர்கள் பலரிடம் இருக்கும் கேனன் 1500டி, நிக்கான் டி3500 எல்லாம் இந்த வகைதான்.

அந்த எண் எதைச் சொல்கிறது

லென்ஸுக்குள் மெல்லிய பிளேடுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். அவை விரிந்து சுருங்கி நடுவில் விடும் துளைதான் அப்பர்ச்சர். ஃபோகல் லெங்த்தைத் துளையின் அகலத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் துளை 25 மி.மீ.; எஃப்/16 என்றால் 3 மி.மீ. சொச்சம். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும் என்பது இந்த வகுத்தல் கணக்கால் வருவது, தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்பவை முழு ஸ்டாப்புகள். எண் ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. பெரும்பாலான கேமராக்களில் டயலை ஒரு கிளிக் திருப்பினால் மூன்றில் ஒரு ஸ்டாப் நகரும். மூன்று கிளிக் சேர்ந்தால் ஒரு முழு ஸ்டாப். எஃப்/1.8-க்கும் எஃப்/8-க்கும் இடையே ஒளியில் ஏறத்தாழ 20 மடங்கு வித்தியாசம் உண்டு. இருட்டான வீட்டுக்குள் எடுக்கும்போது இந்த 20-தான் படத்தைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும்.

லென்ஸின் முகப்பு வளையத்தில் 1:1.8 என்றோ 1:3.5-5.6 என்றோ எழுதியிருப்பது அந்த லென்ஸின் அதிகபட்சத் துளை. இரண்டாவது வகை, கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்ஸில் இருக்கும்: 18 மி.மீ.-இல் எஃப்/3.5 வரை திறக்கும், 55-க்குப் போனால் எஃப்/5.6-ஐத் தாண்டித் திறக்காது. ஜூம் செய்யும்போது எண் தானாக மாறுவதைப் பார்த்து கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8டி வாங்குபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அந்த லென்ஸில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது; டி3500 போன்ற பாடிகளில் ஆட்டோஃபோகஸ் ஓடாது, கையால்தான் திருப்ப வேண்டும். அதோடு லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தை 22-இல் வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் திரையில் எஃப்இஇ என்ற பிழைக் குறி வரும், ஷட்டர் விழாது.

ஏன் மங்குகிறது

ஒரு சுடரின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸ் துளை முழுவதிலும் விழுகிறது. லென்ஸ் அதை மடக்கி, புனல் போலக் குவித்துப் பின்னால் ஒரு நுனியில் சேர்க்கிறது. நுனி சரியாகச் சென்சார் மேல் விழுந்தால் சுடர் ஷார்ப். முன்னேயோ பின்னேயோ விழுந்தால் சென்சாரில் பதிவது புள்ளி அல்ல, சிறு வட்டம். துளை அகலமாக இருந்தால் புனலும் அகலம். நுனி இம்மி விலகினாலும் வட்டம் பெருத்துவிடும். துளை சிறியதானால் புனல் ஒல்லியாகும். நுனி கொஞ்சம் விலகினாலும் வட்டம் சிறிதாகவே இருக்கும், கண் அதைப் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும்.

எவ்வளவு பெரிய வட்டம்வரை கண் ஏற்கும்? ஏபிஎஸ்-சி சென்சாரில் சுமார் 0.02 மி.மீ., ஃபுல் ஃப்ரேமில் 0.03 மி.மீ. என்று வைத்துக்கொண்டுதான் எல்லாக் கணக்கும் போடுகிறார்கள். நடுத்தர அளவுப் பிரிண்ட்டைக் கையில் பிடித்துப் பார்க்கும் கண்ணுக்கான அளவு இது. ஆகவே டெப்த் 11 செ.மீ. என்று கணக்கு சொன்னால், பதினோராவது செ.மீ.-இல் தெளிவு சட்டென்று அறுந்துபோவதில்லை. ஃபோகஸ் வைத்த தளம் ஒன்றுதான் உச்சத் தெளிவு. அங்கிருந்து இரு பக்கமும் படிப்படியாக இறங்கும். கேமராத் திரையில் பிரமாதமாகத் தெரிந்த கண், கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கும்போது மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஏழு அகல் விளக்கு

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒரு மாலை நேரம் செலவழித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஜன்னல் ஓரத்தில் நீள மேஜை, ஏழு அகல், ஒரு டேப், ஒரு ட்ரைபாட் போதும். அகல்களைக் கேமராவிலிருந்து விலகிப் போகும் வரிசையில், ஒவ்வொன்றுக்கும் 10 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். ஒன்றை ஒன்று மறைக்காதபடி கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி இருக்கட்டும். இப்போதைக்கு ஏற்ற வேண்டாம்.

50 மி.மீ. லென்ஸ் மாட்டி, நான்காவது அகலுக்கும் கேமராவுக்கும் சரியாக 1 மீட்டர் இருக்கும்படி நிறுத்துங்கள். கேமராவின் மேல்பகுதியில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட சிறு குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அது, தூரத்தை அங்கிருந்து அளக்க வேண்டும். மோடு டயல் ஏ அல்லது ஏவி (அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் 100, இரண்டு நொடி டைமர். பின்திரையில் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கி, நான்காவது அகலின் திரி மேல் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டு, எஃப்/1.8, 4, 8, 16 என்று நான்கு படம் எடுங்கள்.

எஃப்/1.8-இல் தெளிவான ஆழம் மொத்தமே 2.7 செ.மீ. அகலின் அகலமே ஆறேழு செ.மீ. இருக்கும். அதனால் ஃபோகஸ் வைத்த விளக்கிலேயே திரி ஷார்ப்பாகவும், இந்தப் பக்க விளிம்பும் அந்தப் பக்க விளிம்பும் மங்கலாகவும் இருக்கும். எஃப்/4-இல் 6 செ.மீ., ஒரு அகல் ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும். எஃப்/8-இல் 12 செ.மீ. ஆனாலும் மூன்றாவதும் ஐந்தாவதும் இன்னும் வெளியேதான். எஃப்/16-இல் 24 செ.மீ. வந்த பிறகுதான் மூன்று அகல்கள் தெளிவாகும். ஒன்றாவதும் ஏழாவதும் அப்போதும் மங்கலே.

இப்போது கேமராவை 2 மீட்டருக்குப் பின்னால் தள்ளி, எஃப்/1.8-இலேயே மறுபடி எடுங்கள். டெப்த் 11 செ.மீ. ஆகியிருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் டெப்த் நான்கு மடங்கு. ஒரு மீட்டர் பின்வாங்கியதில் கிடைத்த ஆழமும், அதே இடத்தில் நின்று 1.8-இலிருந்து 8-க்குப் போய் 20 மடங்கு ஒளியை இழந்து கிடைத்த ஆழமும் ஏறக்குறைய ஒன்றே. படத்தில் விளக்கு பாதி அளவாகத் தெரியும், அது இதற்கான விலை. ஆனால் இருட்டில் எடுக்கும்போது எந்த விலை குறைவு என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு விளக்குகளை ஏற்றி ஒரு முறை எடுங்கள். எஃப்/1.8-இல் பின்வரிசைச் சுடர்கள் வட்டங்களாகும். எஃப்/4-இல் அதே வட்டங்களில் மூலைகள் தென்படலாம். பிளேடு எத்தனையோ மூலையும் அத்தனை. 1990-இல் வந்த கேனன் 50 மி.மீ. எஃப்/1.8 இரண்டாம் பதிப்பில் ஐந்து பிளேடு, அதனால் அப்பட்டமாக ஐங்கோணம் விழும். 2015-இல் வந்த எஸ்டிஎம் பதிப்பில் ஏழு. வட்டத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

பின்னணி எவ்வளவு மங்கும்: ஒரு எளிய கணக்கு

டெப்த் வேறு, பின்னணி மங்கல் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் அதிகக் குழப்பம். பின்னணி மங்கலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் படம் எடுக்கும் முன்பே விளைவைச் சொல்லிவிடலாம்.

மிகத் தொலைவில் உள்ள ஒரு தெருவிளக்கு, படத்தில் எவ்வளவு பெரிய வட்டமாகும்? சப்ஜெக்ட்டின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், அந்த வட்டம் லென்ஸ் துளையின் அகலமே இருக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 என்றால் துளை 28 மி.மீ.; முகத்தின் மேல் 28 மி.மீ. வட்டம் ஒட்டிய அளவுக்குத் தெரியும். கிட் லென்ஸ் 55 மி.மீ. எஃப்/5.6-இல் துளை 10 மி.மீ. அதே கிட் லென்ஸ் 18 மி.மீ. எஃப்/3.5-இல் வெறும் 5 மி.மீ. எண் சிறியதாக இருந்தும் துளை பாதிதான். எஃப்/3.5 என்பதைப் பார்த்து 18 மி.மீ.-இல் போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பின்னணி அருகில் இருந்தால் இந்த வட்டம் சுருங்கும். சப்ஜெக்ட்டிலிருந்து பின்னணி இருக்கும் தூரத்தை, கேமராவிலிருந்து பின்னணி இருக்கும் தூரத்தால் வகுத்து, துளை அகலத்தால் பெருக்குங்கள். ஒருவரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, அவருக்கும் சுவருக்கும் 10 செ.மீ., கேமராவுக்கும் அவருக்கும் 2 மீட்டர் என்றால், 28 மி.மீ. துளை இருந்தும் மங்கல் வட்டம் 1.3 மி.மீ.தான். சுண்ணாம்பு உரிந்த இடமெல்லாம் தெரியும். அவரை நான்கடி முன்னால், அதாவது சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி நிறுத்தி, கேமராவும் அதே 2 மீட்டரில் இருந்தால் வட்டம் 10 மி.மீ.-க்கு மேல் போய்விடும். எட்டு மடங்கு. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பன்னிரண்டடி அறையில் இந்த அளவு கிடைக்கும். அறையே சிறிது என்றால், ஆளை வாசல் கதவருகே வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வைத்து, வீட்டின் உள்பக்கம் முழுவதையும் பின்னணியாக்குங்கள். ஆறு மீட்டர் பின்னால் சமையலறைச் சுவர் இருந்தால் வட்டம் 21 மி.மீ. கூடவே பின்னால் இருட்டு விழுவதால் முகம் தனித்துத் தெரியும். புது லென்ஸ் வாங்குவதைப் பற்றி யோசிக்கும் எவருக்கும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கிட் லென்ஸ் மட்டும் இருப்பவர்களுக்கு

18-55-ஐ வைத்துக்கொண்டு பின்னணியை மங்கவைக்க முடியாது என்பது பொய். 55-க்கு ஜூம் செய்து எஃப்/5.6-இல் வைத்து, ஆளிடம் நெருங்கி, பின்னணியைத் தூரத்தில் தள்ளினால் நல்ல மங்கல் கிடைக்கும். மேலே சொன்ன 10 மி.மீ. வட்டம் சிறியதல்ல.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 55 மி.மீ.-இல் 2 மீட்டர் தள்ளி நின்று ஒருவரை இடுப்பு வரை எடுக்கிறோம். பிறகு 18 மி.மீ.-க்கு மாற்றி, அதே அளவு தெரியும்படி 65 செ.மீ. வரை நெருங்கி அதே எஃப்/5.6-இல் எடுக்கிறோம். டெப்த் இரண்டிலும் ஒன்றுதான், சுமார் 29 செ.மீ. ஆனால் மங்கல் வட்டம் 10 மி.மீ.-இலிருந்து 3 மி.மீ.-ஆகக் குறைந்துவிடும். நீளமான லென்ஸ் டெப்த்தைக் குறைப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், அது பின்னணியின் சிறு பகுதியை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். போதாக்குறைக்கு 65 செ.மீ.-இல் முகத்தின் விகிதமும் கெடும். மூக்கு பருத்து, காது பின்னால் போய்விடும்.

மூக்கு ஷார்ப், கண் மங்கல்

பெரிய அப்பர்ச்சரில் வரும் தோல்விகளில் பெரும்பாலானவை லென்ஸ் குற்றம் அல்ல, ஃபோகஸ் போன இடத்தின் குற்றம்.

முதல் காரணம், எங்கே ஃபோகஸ் வைப்பது என்று கேமராவையே முடிவு செய்ய விடுவது. எல்லா ஃபோகஸ் புள்ளிகளும் வேலை செய்யும் மோடில் கேமரா பெரும்பாலும் அருகில் இருக்கும் பொருளைத்தான் பிடிக்கும். மாலை போட்ட மணமக்களை எடுத்தால் ஃபோகஸ் மாலைப் பூவில் போய் உட்காரும். முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது பூதானே. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதை நகர்த்தி, கேமராவுக்கு அருகில் இருக்கும் கண் மேல் வையுங்கள். கண்ணை அடையாளம் காணும் வசதி உள்ள மிரர்லெஸ் கேமரா என்றால் இந்த வேலை பெரிதும் மிச்சம்.

இரண்டாவது, நடுப்புள்ளியில் ஃபோகஸ் வைத்துவிட்டு, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃப்ரேம் அமைப்பது. எஃப்/5.6-இல் இது தொல்லை தராது. 1 மீட்டரில் எஃப்/1.8-இல் கேமராவை 10 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் கண்ணுக்கு 1.5 செ.மீ. பின்னால் போய்விடும். ஃபோகஸ் தளத்துக்கு முன்னால், கண் இருக்கும் பக்கம், தெளிவுக்கு இருக்கும் இடமே 1.3 செ.மீ.தான். கண் மங்கி, கன்னமும் காதோர முடியும் ஷார்ப்பாக வரும் படங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

மூன்றாவது, உடல் அசைவு. நிற்கும் மனிதர் யாராக இருந்தாலும் முன்னும் பின்னும் ஓரிரு செ.மீ. ஆடுவார். எடுப்பவரும் ஆடுவார். ஃபோகஸ் பிடித்ததும் காத்திருக்காமல் உடனே அழுத்த வேண்டும். அதே ஃபிரேமை மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் பிடித்து எடுத்தால் ஒன்றேனும் சரியாக விழும். உட்கார வைத்து எடுத்தால் ஆட்டம் குறையும்.

முகம் ஒருபுறம் திரும்பியிருந்தால் சிக்கல் கூடும். இரண்டு கண்களுக்கும் இடையே ஆறு செ.மீ.-க்குச் சற்று மேல். முகம் 45 டிகிரி திரும்பினால் தூரக் கண் 4.5 செ.மீ. பின்னால் போகிறது. 1 மீட்டரில் இரண்டு கண்ணும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்/8 பக்கம் போக வேண்டும், 1.5 மீட்டருக்குப் பின்வாங்கினால் எஃப்/4-இலேயே கிடைத்துவிடும். தனியாள் போர்ட்ரெய்ட்டுக்கு நான் பரிந்துரைப்பது 1.5 முதல் 2 மீட்டர் தூரம், எஃப்/2.8. 2 மீட்டரில் கண்ணும் காதும் ஓரளவு தெளிவாக இருந்து, தோளுக்குப் பின்னால் எல்லாம் கரையும். எஃப்/1.8 லென்ஸ்கள் பலவும் முழுத் திறப்பில் கொஞ்சம் மென்மையாகவும், கருமை வெண்மை சந்திக்கும் விளிம்பில் ஊதா, பச்சைக் கசிவோடும் இருக்கும், 2.8-இல் அதுவும் அடங்கிவிடும்.

மங்கலான படம் எதனால் மங்கியது என்று கண்டுபிடிக்க, பெரிதாக்கிப் பாருங்கள். ஃப்ரேமில் வேறு எங்காவது, காதில், காலரில், புல்லில், ஏதாவது ஷார்ப்பாக இருந்தால் ஃபோகஸ் தவறியது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியது. கையும் தலையும் மட்டும் இழுபட்டு, பின்னால் சுவர் தெளிவாக இருந்தால் ஆள் அசைந்தார், ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு. அப்பர்ச்சரைச் சுருக்குவது முதல் வகைக்கு மட்டும்தான் உதவும்.

டிஎஸ்எல்ஆர் வ்யூஃபைண்டரை நம்பி டெப்த்தை எடைபோடக் கூடாது. எந்த எண் வைத்தாலும் பார்க்கும்போது லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும்; ஷட்டர் விழும் நொடியில்தான் பிளேடுகள் சுருங்கும். டெப்த் ப்ரிவ்யூ பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள், இல்லையென்றால் எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

உச்சி வெயிலும் இருட்டு ஹாலும்

வெட்டவெளி வெயிலில் ஐஎஸ்ஓ 100 என்றால் எஃப்/16, 1/100 நொடி என்பது பழைய, இன்றும் பொய்க்காத கணக்கு. அதையே எஃப்/1.8-க்கு மாற்றினால் ஷட்டர் 1/8000 வேண்டும். 1500டி, டி3500 இரண்டின் உச்ச ஷட்டரே 1/4000. ஏ மோடில் அப்படியே எடுத்தால் ஷட்டர் எண் மின்னும், படம் வெளுத்துப் போகும். எஃப்/2.8-க்கு வந்தால் 1/3200 போதும். அதைவிட நல்லது ஆளை மர நிழலுக்கோ கட்டட நிழலுக்கோ கூட்டிப் போவது. வெயிலில் முகத்தில் விழும் கறுப்பு நிழலும் போய்விடும். வெயிலிலேயே எடுத்தாக வேண்டுமென்றால், லென்ஸ் முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர்.

வீட்டுக்குள் நேர்மாறு. ஏ மோடில் எஃப்/5.6 வைத்தால் கேமரா சத்தமில்லாமல் ஷட்டரை 1/20-க்கு இறக்கிவிடும். ஆட்டோ ஐஎஸ்ஓ அமைப்பில் குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடு வைக்கும் வசதி இருந்தால் 1/125 என்று வைத்துவிடுங்கள். ஓடும் குழந்தைகளுக்கு 1/500. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தாலும் பார்க்கலாம், இழுபட்ட முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

குரூப் போட்டோ

இருவர் என்றால் தலையோடு தலை ஒட்டி, இருவர் கண்களும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிற்க வைத்தால் எஃப்/2.8-இலும் எடுக்கலாம். ஒருவர் அரையடி பின்னால் நின்றால் எஃப்/4, எஃப்/5.6.

வரிசை கட்டி நிற்கும் குரூப்புக்கு 50 மி.மீ. எஃப்/1.8-ஐ எடுக்காதீர்கள். 6 மீட்டர் தள்ளி நின்றாலும் டெப்த் மொத்தம் ஒரு மீட்டர்தான், ஃபோகஸ் வைத்தவருக்கு முன்னே அரை மீட்டர், பின்னே அரை மீட்டர் சொச்சம். மூன்று வரிசை அதற்குள் அடங்காது. கிட் லென்ஸை 24 மி.மீ.-இல் வைத்து, 4 மீட்டரில், எஃப்/5.6-இல் எடுத்தால் 2.25 மீட்டரிலிருந்து 18 மீட்டர்வரை தெளிவு. ஒளி போதாவிட்டால் ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பி அடியுங்கள்; அப்பர்ச்சரைத் திறந்து ஈடுகட்ட நினைக்க வேண்டாம். ஓரத்தில் நிற்கும் உறவினர் மங்கலாக வந்தால் அந்தப் படம் அவர் வீட்டுச் சுவரில் ஏறாது.

ஸ்டூல் மேல் ஏறி, கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து எடுப்பதும் உதவும். கேமரா குனியும்போது ஃபோகஸ் தளத்தின் மேல்பகுதி பின்னோக்கிச் சாய்கிறது. உட்கார்ந்திருக்கும் முன்வரிசையும் நின்றிருக்கும் பின்வரிசையும் ஓரளவு ஒரே தளத்துக்கு வந்துவிடும்.

தெளிவான பகுதியில் மூன்றில் ஒரு பங்கு முன்னே, இரண்டு பங்கு பின்னே என்று ஒரு விதி சொல்வார்கள். அது ஒரே ஒரு தூரத்தில் மட்டும் உண்மை. நெருக்கத்தில் இரண்டு பக்கமும் சமம். தூரம் கூடக் கூடப் பின்பக்கம் நீண்டு, கடைசியில் முடிவிலிவரை போய்விடும்.

எல்லாமே தெளிவாக வேண்டும் என்றால்

காலடியில் கோலம், பின்னால் கோபுரம், இரண்டும் தெளிவு. இதற்கு எஃப்/22 வேண்டியதில்லை. 18 மி.மீ., எஃப்/8, ஃபோகஸ் 2 மீட்டரில்: 1 மீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவு. எஃப்/11 வைத்து ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் முக்கால் மீட்டரிலிருந்தே கிடைக்கும். கிட் லென்ஸில் தூர அளவுகோல் இருக்காது. ஆறரை அடி தள்ளியிருக்கும் ஒரு கல்லிலோ செருப்பிலோ ஆட்டோஃபோகஸ் வைத்து, லென்ஸ் பக்கவாட்டு ஸ்விட்ச்சிலோ, அது இல்லாவிட்டால் கேமரா மெனுவிலோ எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) மாற்றிவிட்டு, பிறகு ஃப்ரேம் அமையுங்கள். கோபுரத்திலேயே ஃபோகஸ் வைத்தால் கோலம் கெடும்.

எஃப்/16-ஐத் தாண்டினால் டெப்த் கூடினாலும் படம் முழுவதும் மொத்தமாக மென்மையாகும். சிறு துளை வழியே வரும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுகிறது. எஃப்/16-இல் ஒரு புள்ளி சுமார் 0.02 மி.மீ. வட்டமாகிவிடும். ஃபோகஸ் தவறினால் எவ்வளவு வட்டத்தை மன்னிப்போம் என்று வைத்திருந்தோமோ அதே அளவு, இப்போது எல்லா இடத்திலும். சென்சாரில் ஒட்டிய தூசியும் எஃப்/16-இல்தான் வானத்தில் கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும். எஃப்/2-இல் அதே தூசி கண்ணுக்கே தெரியாது.

1932-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலான புகைப்படக் கலைஞர்கள் சேர்ந்து தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தார்கள். முன்னும் பின்னும் முழுத் தெளிவு என்பது அவர்கள் கொள்கை. ஆனால் 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவில், 300 மி.மீ. லென்ஸில் எஃப்/64 என்றால் துளை 4.7 மி.மீ. நம் 50 மி.மீ. லென்ஸில் எஃப்/11-க்கே அந்தத் துளை வந்துவிடுகிறது. பெயரை மட்டும் பார்த்துச் சிறிய கேமராவில் எண்ணை ஏற்றுவதில் பயனில்லை.

போன் கேமராவும் மேக்ரோவும்

போனில் எஃப்/1.8 என்று போட்டிருப்பதும் உண்மைதான். ஆனால் அந்த லென்ஸின் நிஜ ஃபோகல் லெங்த் ஆறேழு மி.மீ.தான், துளை நான்கு மி.மீ.-க்கும் குறைவு. இரண்டு மீட்டரில் நிற்கும் ஆளுக்குப் பின்னால் எதுவும் பெரிதாக மங்காது. போர்ட்ரெய்ட் மோடில் வரும் மங்கல் மென்பொருள் கணித்துப் பூசியது. கலைந்த முடியிலும் மூக்குக்கண்ணாடி விளிம்பிலும் அதன் பிசகு தெரியும். 2018-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்9 எஃப்/1.5, எஃப்/2.4 என இரண்டு அப்பர்ச்சர் தந்தது. பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறவே மாறாது. நிஜமான மங்கல் வேண்டுமென்றால் மல்லிகை மொட்டுக்குப் பத்து செ.மீ. வரை போனைக் கொண்டுபோய், பின்னால் ஒன்றும் இல்லாத வெளியை வையுங்கள்.

அந்த நெருக்கம், சிறு பொருட்களை மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸில் எல்லை மீறும். எறும்பைச் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே பதித்தால், எஃப்/8-இல் தெளிவான ஆழம் 0.64 மி.மீ. கண் ஷார்ப்பாக இருந்தால் கொம்பு மங்கும். எஃப்/22 வைத்துப் பயனில்லை. ஒன்றுக்கு ஒன்று பெரிதாக்கும்போது எந்த எண்ணும் நடைமுறையில் இரண்டு மடங்காகச் செயல்படும், எஃப்/8 என்பது எஃப்/16 போல ஒளியைக் குறைத்து, மென்மையையும் கூட்டும். அசையாத பொருள் என்றால் ட்ரைபாடில் நிறுத்தி, எஃப்/5.6-இலோ 8-இலோ ஃபோகஸை முன்னிருந்து பின்னுக்கு அரை மி.மீ.-க்கும் குறைவாக நகர்த்தி நகர்த்திப் பத்து இருபது படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்யுங்கள், அதாவது தெளிவான பகுதிகளை ஒரே படமாகச் சேருங்கள். உயிருள்ள பூச்சி என்றால் அதன் உடல் நீளவாக்கில் சென்சாருக்கு இணையாக வரும்படி பக்கவாட்டில் போய் எடுங்கள். கிடைக்கும் அரை மி.மீ.-க்குள் தலை முதல் வால் வரை அடங்கும்.